போன் தண்ணில விழுந்துச்சா? அரிசி டப்பாவ மூடுங்க, சார்ஜர தூர வைங்க

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் போன் சர்வீஸ் பண்ற எங்க டேபிளுக்கு டிஸ்ப்ளே உடைஞ்சதுக்கு அடுத்தபடியா வர்றது தண்ணி கேஸ் தான், அதுலயும் நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு பிரச்சனை இருக்கு, உப்பு. கடல் தண்ணில லிட்டருக்கு கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கு. போட்ல அலை அடிச்சாலும் சரி, ஏலம் விடற எடத்துல மீன் தண்ணி பட்டாலும் சரி, போனுக்குள்ள போறது அந்த உப்பும் சேர்த்துதான்.

நனைஞ்ச உடனே போன் செத்துடறதில்ல, இத எல்லாரும் புரிஞ்சுக்கணும். தண்ணி உள்ள இருக்கறப்போ கரண்ட் பாஞ்சா தான் வினை. போனுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டுல காப்பர் அரிச்சுப்போய், செம்பு பாத்திரத்துல களிம்பு ஏறுற மாதிரி பச்சையா படிஞ்சுடும், உப்புத்தண்ணியா இருந்தா ஒரே ராத்திரில வேலைய முடிச்சுடும். போன ஆஃப் பண்ணாலும் பேட்டரி உள்ள கனெக்ட் ஆகித்தான் இருக்கு, சில லைன்ல வோல்டேஜ் நின்னுட்டே இருக்கும். அதனாலதான் "ஆஃப் பண்ணி வச்சிட்டேன்ணா, சண்டே வரேன்"னு சொல்றவங்கள இப்பவே எடுத்துட்டு வாங்கன்னு கெஞ்சறேன்.

சமீபத்துல மீன் விக்கற அக்கா ஒருத்தங்க ஐஸ் பெட்டில விழுந்த போன எடுத்துட்டு வந்தாங்க. தொடச்சு ராத்திரி பூரா அரிசில பொதைச்சு வச்சிருக்காங்க, காலைல ஆன் ஆகியிருக்கு, அந்த சந்தோஷத்துல சார்ஜ் போட்டுட்டாங்க, மதியம் சூடாகி ஆஃப். திறந்து பாத்தா சார்ஜிங் ஜாக்குக்குள்ள அரிசி மாவு பசையா ஒட்டிட்டு இருக்கு, போர்டு மேல இருக்கற தகடு மூடிய எடுத்தா கரண்ட பிரிச்சுக் குடுக்கற பவர் ஐசி சிப் ஓரமா பச்சை, மல்டிமீட்டர் வச்சா பேட்டரி லைன் கிரவுண்டோட ஒட்டி ஷார்ட், பீப்னு விடாம கத்துது. "போன் போனா போகட்டும் தம்பி, பேத்தி போட்டோ மட்டும் எடுத்துக் குடுப்பா"ன்னாங்க. போர்ட ஐபிஏ, அதாவது சீக்கிரம் ஆவியாகிடற ஒரு ஆல்கஹால் ஊத்தி கழுவி, ஷார்ட்டான கெப்பாசிட்டர்னு ஒரு குட்டி பார்ட்ட எடுத்ததும் ஆன் ஆச்சு, மொதல்ல போட்டோவ காப்பி பண்ணிக் குடுத்துட்டுதான் மத்த வேலையே.

எல்லா போர்டும் இப்படி பொழைக்காது. மெமரி சிப்ப கழட்டி வேற போன்ல போட்டா போட்டோ வந்துடும்னு நெறைய பேர் நம்பறாங்க, அது பழைய காலம். ஆண்ட்ராய்டு 10லேர்ந்து வர்ற புது போன் எல்லாத்துலயும் என்க்ரிப்ஷன், அதாவது உள்ள இருக்கற டேட்டாவ பூட்டி வைக்கறது, கட்டாயம், ஐபோன்ல அதுக்கும் ரொம்ப முன்னாடியே இருக்கு. அந்த போனோட பிராசசரும் உயிரோட இருந்தாதான் பூட்டு திறக்கும். போட்டோ பேக்கப் ஆன்ல இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க, ப்ளீஸ்.

அரிசி போர்டு மேல படிஞ்ச உப்ப எடுக்காது. அரிசில போடாதீங்கன்னு ஆப்பிள் கம்பெனியே 2024ல எழுதிப் போட்டாங்க. ஹேர் டிரையரும் வேணாம், சூட்டுல உள்ள இருக்கற கம் இளகிடும். விழுந்த உடனே ஆஃப் பண்ணுங்க, பவுச்ச கழட்டுங்க, சிம் டிரேவ வெளிய எடுங்க, ஜாக் கீழ பாக்கற மாதிரி புடிச்சு லேசா தட்டுங்க, அப்படியே கடைக்கு வந்துடுங்க. "ஆன் ஆகுதா பாப்போம்"னு பவர் பட்டன அமுக்கவே அமுக்காதீங்க.

"என்னுது ஐபி68, ஒண்ணும் ஆகாது"ன்னு பீச்சுல போனோட கடல்ல எறங்கற பசங்களுக்கும் சொல்றேன், ஐபி68ங்கறது தண்ணி, தூசிய எவ்ளோ தாங்கும்னு டெஸ்ட் பண்ணி குடுக்கற நம்பர், அந்த டெஸ்ட் நல்ல தண்ணில, புது போன வச்சு பண்றது. வருஷம் ஆக ஆக கம் காஞ்சுடும், ஒரு தடவ டிஸ்ப்ளே மாத்தி சரியா சீல் பண்ணலன்னா அந்த பாதுகாப்பே போச்சு. தண்ணி போனதுக்கு வாரன்டியும் பெரும்பாலும் கெடையாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எண்ணூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்துச்சே, அந்த மாதிரி தண்ணிக்கெல்லாம் எந்த ஐபி நம்பரும் கணக்கு வைக்கல.

நனைஞ்ச போன்ல கொஞ்ச நாள் கழிச்சு பின்பக்கம் உப்பி தூக்குச்சுன்னா பேட்டரிக்குள்ள கேஸ் சேந்துடுச்சுன்னு அர்த்தம். அமுக்கி மூடாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. கழட்டுன பேட்டரிய குப்பைல போட்டா அது கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போவும், அங்க ஏற்கனவே தீப்புடிச்சா எத்தன நாள் புகை நிக்குதுன்னு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும். சர்வீஸ் கடைல குடுத்துடுங்க, நாங்க இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட சேத்துடறோம்.