சீவால்: கடற்சுவரா, கரைதாங்கு சுவரா?

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 1950-களில் கட்டிய கால்வாயோர வீடு ஒன்று விலைக்கு வந்தால், விளம்பரத்தில் தவறாமல் இருக்கும் சொல் 'சீவால்'. தமிழில் இதைக் 'கடற்சுவர்' என்று எழுதிவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் உண்டு. அன்று கடற்கரையையும் கரையோரப் பாறைச் சரிவையும் குறித்தது. 'வால்' என்ற பின்பாதி லத்தீனின் 'வல்லும்', அதாவது மண் அரண். அதற்கும் மூலம் 'வல்லுஸ்': தரையில் அடித்து நிறுத்திய முளைக்கம்பு. கால்வாய்ச் சுவருக்கு இந்த மூலப்பொருள் இன்றும் பொருந்துகிறது. அதுவும் தரையில் அடித்து இறக்கிய முளைகளின் பலத்தில்தான் நிற்கிறது.

1920-களில் சார்லஸ் ரோட்ஸ் என்பவர் இங்கே சதுப்பு நிலத்தில் வரிசையாகக் கால்வாய் வெட்டி, தோண்டிய மண்ணை இடையில் கொட்டி, விரல் விரலாக நீளும் மனைகளை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இதே முறையில் குடியிருப்புகள் பெருகின. ஆக, மனை என்பதே கொட்டிய மண். கால்வாயில் பேரலை கிடையாது. சுவரைத் தள்ளுவது முன்னால் இருக்கும் நீரைவிடப் பின்னால் இருக்கும் மண்தான். புதுச்சேரிக் கடற்கரையில் கருங்கல் அடுக்கி அலையைத் தடுத்திருக்கிறார்களே, அது கடற்சுவர். இது கரைதாங்கு சுவர். குளக்கரைகளில் நாம் கட்டும் 'தாங்குசுவர்' இதற்கு நெருங்கிய உறவு. பொறியாளர்களும் இதை 'பல்க்ஹெட்' என்று பிரித்தே சொல்கிறார்கள்.

உறுப்புகளைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும். நீருக்குள் இறங்கும் கான்கிரீட் பலகங்கள், அவற்றைத் தாங்கும் முளைகள், எல்லாவற்றையும் மேலே கட்டிப்பிடிக்கும் தலைவிட்டம். பல சுவர்களில் தலைவிட்டத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பி தோட்டத்து மண்ணுக்கடியில் ஓடி, புதைத்த கான்கிரீட் கட்டையில் முடியும். அதை 'நங்கூரக் கட்டை' எனலாம். பலகங்களின் கீழ்ப்பகுதியில் கசிவுத் துளைகள் உண்டு. அவை அடைபட்டால், மழைக்கும் ஓதத்துக்கும் (கடல்நீர் ஏற்றத்துக்கும்) பின் மண்ணில் தேங்கிய நீர் வடியாமல் சுவரை வெளியே தள்ளும். நம் ஊர்க் குளத்துச் சுவர் மழைக்காலத்தில் சரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீர் இறங்கும் வேளையில் போய்ப் பாருங்கள். ஓதம் ஏறியிருந்தால் சுவரின் பாதி தெரியாது. தலைவிட்டத்தின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் துருநிற விரிசல் நல்ல அறிகுறி அல்ல. உப்பு உள்ளே போய்க் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் விரிசல் மறையும், துரு நிற்காது. பிறகு புல்தரையைப் பாருங்கள். சுவரை ஒட்டி ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால், பலகங்களின் இணைப்பு வழியே மண் கால்வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மண் போட்டு மூடினால் அதுவும் போகும். இணைப்பைத்தான் அடைக்க வேண்டும். சுவரடி அரிப்பு மேலிருந்து தெரியாது, மூழ்காளர் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

உயரமும் விலையைத் தீர்மானிக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் உச்ச ஓதத்தில் பழைய தாழ்ந்த சுவர்களைத் தாண்டி நீர் தெருவுக்கு வருகிறது. அதனால் இந்நகர் அடங்கிய ப்ரோவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 2020-இல் ஒரு விதி வகுத்தது: உயரங்களை அளக்கும் பொது அடிப்படையான '1988 வட அமெரிக்க உயர மட்ட'க் கணக்கில் சுவரின் உச்சி 2050-க்குள் 5 அடி. 2035-க்கு முன் அனுமதிக்கு விண்ணப்பித்தால் 4 அடிச் சுவருக்கும் இடமுண்டு, ஆனால் பின்னால் 5 அடிக்கு உயர்த்தும்படி வடிவமைத்திருக்க வேண்டும். ஓதம் எட்டும் மனை என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே '4 அடி, புது சீவால்' என்று கண்டால், இன்னும் ஓரடி கான்கிரீட்டை அந்தத் தலைவிட்டமும் முளைகளும் தாங்குமா என்று அனுமதி வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.