அமெரிக்கக் கல்லூரி பில்: பற்று எது, வரவு எது, உரிமை எது

அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலானவை இலையுதிர்கால செமஸ்டருக்கான பில்லை ஜூலை வாக்கில் வெளியிடுகின்றன. கட்ட வேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் ஆகஸ்டில் வந்துவிடும். இப்போதெல்லாம் பில் தபாலில் வருவது அரிது. மாணவரின் கல்லூரி மின்னஞ்சலுக்குப் புதிய பில் வந்திருப்பதாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். பிள்ளை அதைத் திறக்காமல் விட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாமதக் கட்டணம் விழுந்த பிறகு கணக்கைத் தேடிப் போவதைவிட, பில் வருமுன்பே அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த பில்லுக்குப் பின்னால் இருப்பது சேர்ந்த நாள் முதல் படிப்பு முடியும்வரை ஓடும் பற்று வரவுக் கணக்கு. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நூலக அபராதம் எல்லாம் பற்று. மானியம், உதவித்தொகை, கடன், நீங்கள் கட்டும் பணம் எல்லாம் வரவு. இவற்றில் பல வரிகளுக்குப் பின்னால் கூட்டாட்சி அரசின் விதி ஒன்று நிற்கிறது. அது தெரிந்திருந்தால் கட்டத் தேவையில்லாததைக் கட்டாமல் தவிர்க்கலாம். வரவேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

கணக்கு யாருடையது?

பணம் கட்டுவது பெற்றோராக இருந்தாலும் கணக்கு மாணவருடையது. 1974ஆம் ஆண்டில் வந்த, ஃபெர்ப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி ஆவணத் தனியுரிமைச் சட்டத்தின்படி, உயர்கல்வியில் சேர்ந்ததும் ஆவணங்கள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. வயது பதினெட்டு ஆகாவிட்டாலும் இதே நிலைதான். நீங்கள் கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, "என் மகளின் கணக்கில் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்ல மறுப்பார்கள். அது முரட்டுத்தனம் இல்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நடைமுறை. வருமான வரியில் பிள்ளையைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் பெற்றோருக்குத் தகவல் தரக் கல்லூரிக்கு அனுமதி உண்டு. ஆனால் தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு எளிய வழி, மாணவர் தம் கணக்குக்குள் சென்று பெற்றோரை அனுமதி பெற்ற பயனராகச் சேர்ப்பது. அதன்பின் பில்லும் நினைவூட்டலும் உங்கள் மின்னஞ்சலுக்கும் வரும். சேர்க்கை உறுதியான வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

கையோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வகுப்புகளுக்குப் பதிவு செய்யும்போது பல கல்லூரிகள் நிதிப் பொறுப்பு ஒப்பந்தம் ஒன்றைத் திரையில் காட்டி ஒப்புதல் கேட்கின்றன. பிள்ளைகள் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். பாக்கி நின்றுபோனால் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும், வசூல் செலவும் தலையில் ஏறும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

உதவிக் கடிதமும் பில்லும் ஏன் ஒத்துப்போவதில்லை?

அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செமஸ்டருக்குக் கல்விக் கட்டணம் 6,000 டாலர், பிற கட்டணங்கள் 600, விடுதி 3,200, உணவு 2,300, மாணவர் மருத்துவக் காப்பீடு 1,400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பற்று 13,500. நிதியுதவிக் கடிதத்தில் அந்த செமஸ்டருக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் மானியம் 3,500, கல்லூரி உதவித்தொகை 4,000, கூட்டாட்சி மாணவர் கடன் 2,750, ஒர்க் ஸ்டடி எனப்படும் வேலைவாய்ப்பு உதவி 1,200 என்று போட்டிருக்கிறது. கூட்டினால் 11,450. மீதி 2,050 டாலர் கட்டினால் போதும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். பில்லைத் திறந்தால் 3,279 என்று நிற்கும்.

கல்லூரி தப்பாகக் கணக்குப் போடவில்லை. வேலைவாய்ப்பு உதவி என்பது மாணவர் வேலை பார்த்து, மணிக்கணக்குப்படி வாங்கப்போகும் சம்பளம். அது பொதுவாக பில்லில் கழிவதில்லை. வேலை செய்தபின் மாணவரின் கைக்கு வரும். அந்த 1,200 போயிற்று. அடுத்தது கடன். 2,750 டாலர் கடன் என்றாலும் அரசு 1.057 சதவீதக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறது. கணக்கில் ஏறுவது 2,721. பிடித்தம் போனாலும் திருப்பிச் செலுத்த வேண்டியது முழு 2,750தான். இந்த 29 டாலரும் சேர்ந்ததுதான் அந்த வித்தியாசம்.

இதே பில்லில் குறைக்கக்கூடிய வரி ஒன்று இருக்கிறது, மருத்துவக் காப்பீடு. பல கல்லூரிகள் இந்தத் தொகையை எல்லா மாணவர்களின் பில்லிலும் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. பிள்ளை ஏற்கெனவே பெற்றோரின் காப்பீட்டில் இருந்து, அது கல்லூரியின் நிபந்தனைகளையும் நிறைவு செய்தால், விலக்கு கோரும் படிவத்தைப் பூர்த்தி செய்ததும் இந்த வரி நீங்கிவிடும். மேலே சொன்ன கணக்கில் 3,279 என்பது 1,879 ஆகிவிடும். படிவத்துக்குக் கடைசி நாள் உண்டு. அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் பணம் திரும்பாது. பொதுவாக ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த விலக்கைத் தருவதில்லை, தந்தாலும் நிபந்தனை கடுமையாக இருக்கும்.

மீதியை எப்படிக் கட்டுவது என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டினால் பெரும்பாலான இடங்களில் கூடுதல் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டு என்றால் 2 முதல் 3 சதவீதம்வரை சேரும். 1,879 டாலருக்கு அது ஏறத்தாழ 40 முதல் 55 டாலர். மாதத் தவணைத் திட்டத்துக்குப் பொதுவாக வட்டி இல்லை, சிறிய பதிவுக் கட்டணம் மட்டும்தான். ஆனால் யாராவது மாணவர்களை அணுகி, "என்னிடம் கொடு, தள்ளுபடியில் கட்டித் தருகிறேன்" என்றால் ஒதுங்கிவிடுங்கள். திருடிய கார்டில் கட்டணத்தைச் செலுத்திக் காட்டி, மாணவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகும் மோசடி இது. கார்டு நிறுவனம் பணத்தைத் திரும்ப எடுத்ததும் பாக்கி மறுபடி மாணவர் தலையில் விழும்.

வரவு மிஞ்சினால் அது மாணவரின் பணம்

மானியமும் கடனும் சேர்ந்து பற்றைவிட அதிகமாகிவிடுவது உண்டு. விடுதியில் தங்காமல் வெளியே அறை எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். கூட்டாட்சி நிதியுதவியால் மிச்சம் ஏற்பட்டால், அந்த மிச்சம் ஏற்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அதைக் கல்லூரி கொடுத்துவிட வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே ஏற்பட்டிருந்தால் வகுப்பின் முதல் நாளிலிருந்து 14 நாட்கள். அடுத்த செமஸ்டருக்கு இருக்கட்டும் என்று கல்லூரி தானாக நிறுத்தி வைக்க முடியாது. மாணவரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கல்லூரி கைகாட்டும் வங்கியில் கணக்குத் திறந்தால்தான் பணம் தருவோம் என்று சொல்லவும் இடமில்லை. பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் தம் பெயரில் எடுத்த, பிளஸ் எனும் கூட்டாட்சிக் கடனால் மிச்சம் வந்தால் மட்டும் அது பெற்றோருக்குச் சேரும்; அவர் விரும்பினால் பிள்ளைக்கே கொடுக்கச் சொல்லலாம்.

இந்த மிச்சம் கடனிலிருந்து வந்ததா என்று பாருங்கள். தேவை இல்லாத கடன் என்றால், வழங்கிய நாளிலிருந்து 120 நாட்களுக்குள் திருப்பிவிட்டால் அந்தத் தொகைக்கு வட்டியும் இல்லை, பிடித்த கட்டணமும் இல்லை. கையில் வந்த பணம்தானே என்று செலவழித்துவிட்டு, படிப்பு முடிந்ததும் வட்டியோடு கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூட்டாட்சி நிதியுதவி கிடையாது என்பதால் இந்த 14 நாள் விதியும் பொருந்தாது. அவர்களுடைய மிச்சப் பணம் கல்லூரியின் சொந்த விதிப்படியே திரும்பும்.

பாதியில் நின்றால்

வகுப்புக்குப் போகாமல் இருந்தாலே பதிவு ரத்தாகிவிடும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டாவிட்டால் கல்லூரியே பெயரை எடுத்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். சில கல்லூரிகள் அப்படி எடுக்கின்றன. பல கல்லூரிகள் எடுப்பதில்லை. எடுக்காத இடத்தில் பில் அப்படியே ஓடும், பாடங்களிலும் தோல்வி விழும். விலகுவதென்றால் முறைப்படி விலக வேண்டும், அதுவும் கல்லூரியின் முழுத் தொகை திரும்பும் கெடுவுக்குள்.

நிதியுதவி பெறுபவர் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால் இன்னொரு கணக்கும் ஓடத் தொடங்குகிறது. செமஸ்டரில் 60 சதவீதம் கடந்திருந்தால் அதுவரை வந்த கூட்டாட்சி உதவி முழுவதும் மாணவருடையது. அதற்கு முன் என்றால், எத்தனை சதவீத நாட்கள் கடந்தனவோ அத்தனை சதவீதம்தான் அவருடையது. மீதி அரசுக்குத் திரும்பும். 30 சதவீத நாட்களில் விலகினால் 70 சதவீத உதவி கைவிட்டுப் போகிறது. ஆனால் கல்விக் கட்டணம் திரும்பும் கெடு பல கல்லூரிகளில் முதல் சில வாரங்களிலேயே முடிந்திருக்கும். வரவு குறைய, பற்று அப்படியே நிற்க, படிக்காத செமஸ்டருக்கு ஆயிரக்கணக்கில் பாக்கி விழுகிறது. வீட்டில் நோய், சாவு, மனச்சோர்வு என்று நொந்து போயிருக்கும் பிள்ளைகள்தான் இதில் பெரும்பாலும் அகப்படுகிறார்கள் என்பது மனதை வருத்துகிறது. விலகும் படிவத்தில் கையெழுத்திடுமுன் நிதியுதவி அலுவலகத்தில், "இன்று விலகினால் என் பாக்கி எவ்வளவு, இரண்டு வாரம் கழித்து விலகினால் எவ்வளவு?" என்று கேளுங்கள். மருத்துவக் காரணம் என்றால், கட்டணத் தள்ளுபடிக்கு முறையிட வழி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பாக்கி இருந்தால் கணக்கின் மீது ஹோல்ட் எனும் தடை விழும். அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது. எஃப்-1 மாணவருக்கு இது இரட்டை ஆபத்து, ஏனென்றால் முழுநேரப் பதிவு இல்லாவிட்டால் விசா நிலையே ஆட்டம் காணும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் சான்றை நிறுத்தி வைப்பதற்கு மட்டும் இப்போது வரம்பு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, கூட்டாட்சி உதவி பெற்று, கட்டணம் முழுவதும் கட்டி முடித்த செமஸ்டர்களுக்கான சான்றைக் கேட்டால் கல்லூரி தர வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 2020 முதல், கடனைக் காரணம் காட்டிச் சான்றை மறுப்பதையே தடை செய்திருக்கிறது.

ஜனவரியில் வரும் தாள்

1098-டி என்னும் படிவத்தைக் கல்லூரி ஜனவரி 31க்குள் மாணவருக்குத் தர வேண்டும். முந்தைய நாட்காட்டி ஆண்டில் தகுதியுள்ள கட்டணங்களுக்காகப் பெற்ற தொகை முதல் கட்டத்திலும், உதவித்தொகை ஐந்தாம் கட்டத்திலும் இருக்கும். விடுதி, உணவு, காப்பீடு முதல் கட்டத்தில் சேராது. முதல் கட்டத் தொகை நீங்கள் கட்டியதைவிடக் குறைவாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகையைக் கோர இந்தத் தாள் வேண்டும். முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுவதும், அடுத்த 2,000க்கு நான்கில் ஒரு பங்கும் என, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர்வரை வரி குறையும். வரியே இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் அதில் 1,000 டாலர்வரை கையில் பெறலாம். ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள் மட்டுமே கிடைக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கி, 1,80,000இல் நின்றுவிடும். தனியாகத் தாக்கல் செய்வோருக்கு இது 80,000, 90,000. பாடநூலை எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் இந்தச் சலுகையில் சேரும்; ஆனால் 1098-டியில் தெரியாது. ரசீதை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

வசந்தகால பில் நவம்பர், டிசம்பரிலேயே வந்துவிடுவதால் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் செமஸ்டருக்கு டிசம்பரில் கட்டினால், அது கட்டிய ஆண்டின் கணக்கில் சேரும். இந்த ஆண்டு 4,000 டாலர் செலவு நிறையவில்லை என்றால் டிசம்பரிலேயே கட்டலாம். ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்றால், கல்லூரியின் கெடு இடம் கொடுக்கும் பட்சத்தில் ஜனவரிக்குத் தள்ளலாம். 529 எனப்படும் கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுபவர்கள் மட்டும், எடுப்பதையும் கட்டுவதையும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.