லைன் மோசமானாலும் உதை உடனே விழுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பையன். சென்னையில் முகம் தெரியாத இன்னொருவன். இருவரும் இணையத்தில் சண்டை கேம் ஆடுகிறார்கள். இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். கேபிள் நேராகவே போனாலும் ஒருவழிப் பயணத்துக்கு 12.5 மில்லிநொடி வேண்டும். உண்மையில் கேபிள் கடலுக்கடியில் சுற்றி வளைத்துப் போகிறது, வழிநெடுக ரவுட்டர்கள் வேறு. எவ்வளவு பெரிய இணையப் பிளான் போட்டாலும் இந்தப் பயண நேரம் குறையாது. பிளான் கூட்டுவது ஒரே சமயத்தில் போகும் தரவின் அளவைத்தான்.

சண்டை கேம் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனித்தனிப் படம், ஓடும், ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிநொடி. அங்கே அழுத்திய பட்டன் இங்கே வந்து சேர்வதற்குள் சில பிரேம்கள் ஓடிப்போயிருக்கும்.

பழைய முறையில், எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை இரண்டு இயந்திரங்களும் காத்திருக்கும். நம் உதையும் தாமதமாகவே விழும். லைன் தடுமாறினால் திரை அப்படியே உறைந்துவிடும். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் "லைன் சரியில்லை" என்று சொல்லி விலகிக்கொண்டது இதனால்தான். திறமை இருந்தும் ஊரால் தோற்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

இதற்கு விடையாக வந்தது ரோல்பேக். அமெரிக்க ஆட்டக்காரர் டோனி கேனன் 2006 வாக்கில் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற நிரல்தான் இதைப் பரவலாக்கியது. காத்திருக்காதே, ஊகித்துவிடு என்பதுதான் இதன் வழி. ஊகமும் மிக எளியது: எதிராளி கடைசியாக எதை அழுத்திக்கொண்டிருந்தானோ, அதையே இன்னும் அழுத்துகிறான் என்று வைத்துக்கொள்வது. மனித விரல் நொடிக்குச் சில தடவைதான் மாறும், பிரேம்களோ 60. அதனால் பெரும்பாலும் ஊகம் பலித்துவிடும்.

பலிக்காதபோது நடப்பதுதான் அழகு. 100-ஆவது பிரேமில் எதிராளி முன்னே நடக்கிறான். நடக்கிறான் என்றே நம் இயந்திரம் 101, 102, 103-ஐ ஓட்டிவிடுகிறது. 104-இல் தகவல் வருகிறது: அவன் 101-லேயே உதையை அழுத்திவிட்டான்! பூச்சரத்தில் ஒரு பூ தப்பாக விழுந்தால் அந்த முடிச்சுவரை அவிழ்த்து மறுபடி கட்டுகிறோம் அல்லவா, அதுபோல இயந்திரம் 100-இல் சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பி, மூன்று பிரேம்களையும் திரையில் காட்டாமல் மறுபடி கணக்கிட்டு, 104-ஐ வரைகிறது. எல்லாம் அந்த 16.7 மில்லிநொடிக்குள். உதை அதன் நான்காவது பிரேமிலிருந்துதான் நமக்குத் தெரியும். காலை ஓங்கும் தொடக்கம் மட்டும் காணாமல் போகிறது. 12-ஆவது பிரேமில் படும் உதை என்றால் தடுக்க இன்னும் நேரமிருக்கிறது. அவனுக்கும் நமக்கும் சொந்தப் பட்டன் உடனே வேலை செய்கிறது.

இதற்கு இரண்டு இயந்திரங்களும் இம்மி பிசகாமல் ஒரே கணக்கைப் போட வேண்டும். அனுப்பப்படுவது பட்டன் விவரம் மட்டுமே, படம் அல்ல. தசமக் கணக்கில் கடைசி இலக்கம் மாறினாலும் இரண்டு திரைகளிலும் இரண்டு வேறு சண்டைகள் ஓடத் தொடங்கும். ஆட்டக்காரர்கள் இதை டீசிங்க் என்பார்கள். தற்செயல் எண்களும் இரு பக்கமும் ஒரே விதையிலிருந்து, அதாவது ஒரே தொடக்க எண்ணிலிருந்து, பிறக்க வேண்டும். ஒலி இன்னொரு தலைவலி: ஒலித்துவிட்ட அடியைத் திரும்பப் பெற முடியாது.

கேமை இயக்கும் அடிப்படை நிரலான என்ஜின் பழையதாக இருந்தால், அதில் இதையெல்லாம் பிறகு ஒட்டவைப்பது கடினம். தொடக்கத்திலேயே திட்டமிடும் சிறிய குழுவுக்கு அது எளிது. 2012-இல் வந்த ஸ்கல்கேர்ள்ஸ் என்ற இண்டி கேம், அதாவது சிறிய குழுவின் கேம், ஜிஜிபிஓவோடுதான் பிறந்தது. பெரிய நிறுவனங்கள் பல அசைந்து கொடுத்தது 2020-இல் போட்டிகள் முடங்கி எல்லாரும் வீட்டிலிருந்து ஆட வேண்டிவந்த பிறகுதான். அதே ஆண்டு, 2001-ஆம் ஆண்டின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற கேமுக்கு ரசிகர்களே ஸ்லிப்பி என்ற நிரல் வழியாக ரோல்பேக் சேர்த்தார்கள். ஜிஜிபிஓவை 2019-லேயே கேனன் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தார்.

ரோல்பேக்கால் எல்லாத் தாமதத்தையும் மூட முடியாது. ஏழெட்டு பிரேமுக்கு மேல் தகவல் பிந்தினால் ஆட்டம் நின்று காத்திருக்கும். நிலையான தாமதத்தைவிட ஏறி இறங்கும் தாமதம்தான் அதற்குப் பெரிய எதிரி, அதைப் பெரும்பாலும் கொண்டுவருவது வீட்டு வைஃபை. ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே லேன் கேபிள் இழுத்தால் அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறையும். சென்னைவரை உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும், அதை ஊகம் பார்த்துக்கொள்ளும்.