ரீமி என்றால் எதுகை இல்லை

பின்னிஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். தொடங்கிய புதிதில், ஒரு பள்ளிப் பயிற்சித்தாளில் வந்த 'அல்குசொய்ந்து' என்ற சொல்லை எதுகை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 'ரைம் சம்பந்தப்பட்டது, அப்போ எதுகைதானே' என்கிற அலட்சியம். அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழாசிரியர் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்.

அல்கு என்றால் தொடக்கம், சொய்ந்து என்றால் ஒலியிசைவு. ஆக, அது மோனை. லொப்பு என்றால் முடிவு. அதனால் 'லொப்புசொய்ந்து' நம் இயைபு. 'ரீமி' என்பதும் பெரும்பாலும் அதுதான், ஸ்வீடிஷ் வழியாக வந்த சொல். இரண்டாம் எழுத்தைப் பார்க்கும் நம் எதுகைக்கு அங்கே நேர்ச்சொல் கிடையாது. அங்கே அந்தக் கணக்கே இல்லை.

பின்னிஷில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். அதனால் சொல்லின் தலையில் ஒலி ஒத்துப்போனால் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவுக்கு அடிப்படையான பழைய நாட்டுப்பாடல்கள் மோனையால் நிற்பவை. அடியின் கடைசியில் இயைபு தேடுவதில்லை. இயைபு வேரூன்றியதில் தேவாலயப் பாடல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் பின்னிஷ் பாடல் நூல் 1583இல் வந்தது.

காவிய நாயகன் வைனாமொய்னெனைக் குறிக்கும் 'வக வன்ஹ வைனாமொய்னென்' என்ற கலேவலாத் தொடரைப் பாருங்கள். முதல் இரண்டு சொற்களில் மெய்யும் உயிரும் ஒன்று. அதை வலுவான அல்குசொய்ந்து என்பார்கள். மூன்றாவதில் உயிர் வேறு, அதனால் அது பலவீனமானதாம். தமிழ் யாப்பில் அகரமும் ஐகாரமும் ஒரே மோனை இனம். இந்தத் தொடரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றுமே கணக்கில் சேரும்! எனக்கு இதில் அற்ப சந்தோஷம்.

அப்புறம், ஆங்கிலத்தின் 'வெர்ஸ்' வழியாகப் போகிறவர்கள் விழும் குழி. பின்னிஷில் அதற்கு ஒரே சொல் கிடையாது, இடத்துக்கு ஒரு சொல். ஒற்றை அடி 'ஸாயெ'. அடிகள் சேர்ந்த பத்தி 'ஸாகெய்ஸ்தோ'. சினிமாப் பாட்டு என்றால் நான் சரணம் என்றே எழுதுவேன். பைபிளில் வருவது 'யாயெ', அதாவது வசனம். பிறந்தநாள் அட்டையில் இருக்கும் இரண்டு வரிப் பாட்டு 'வார்ஸ்ஸு'. அதைக் கவிதை என்று போட்டால் அந்த அட்டைக்கே கூச்சமாக இருக்கும். பல்லவிக்கு 'கெர்த்தோஸாயெ'. திரும்ப வரும் அடி என்று பொருள், ஆனால் நாலைந்து அடி இருந்தாலும் பெயர் அதேதான்.

கடைசியாக, வேலை இசைத்தாளாக இருந்தால் வெறும் 'சொய்ந்து' என்பது கிதாரில் பிடிக்கும் கார்டு (chord), பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. அதை மோனை என்று எழுதிய ஒரு வரைவு என் மேஜைக்குத் திருத்த வந்தது. எழுதியவரைத் திட்டவில்லை, என் பழைய பயிற்சித்தாளைக் காட்டினேன்.