சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி வெடிப்பது எப்படி?

ரிட்லி ஸ்காட்டின் முதல் முழுநீளப் படம் 'தி டூயலிஸ்ட்ஸ்' (1977). நெப்போலியன் படையின் இரண்டு அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் விடாமல் மோதுகிறார்கள். ஃபோர்னியே, தூபோன் என்ற நிஜ அதிகாரிகளுக்குள் 1794இல் மூண்ட பகைதான் கதையின் வேர். கடைசி மோதலில் ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒரு குழலில் ஒரு குண்டுதான். சுட்டபின் மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது வேண்டும். எதிரி அதுவரை காத்திருக்க மாட்டான்.

குண்டைத் தள்ளும் வெடிமருந்தான கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அளந்த மருந்தைக் குழலில் கொட்டி, ஈயக்குண்டை அதன்மேல் அழுத்தமாக உட்காரும்வரை கோலால் இடிக்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் குழலே வெடிக்கக்கூடும். பிறகு பக்கவாட்டுக் கிண்ணியில் பொடியாக அரைத்த மருந்து ஒரு சிட்டிகை; அதன்மேல் எஃகு மூடி.

விசையை இழுத்ததும், தோல் சுற்றிய சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய ‘குதிரை’ (சுத்தியல் போன்ற உறுப்பு) பாய்ந்து எஃகு மூடியை உரசித் திறக்கிறது. பறக்கும் பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் கூர்விளிம்பு சீவியெடுத்த எஃகுத் துணுக்குகளே காற்றில் எரிகின்றன. அவை கிண்ணி மருந்தைப் பற்றவைக்க, தீ சிறு துளை வழியே குழலுக்குள் புகுகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறுந்துபோகலாம். கல் மழுங்கினால் பொறி குறையும். ஈரக்காற்றில் மருந்து நமுத்துப்போகும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கசடாகத்தான் மிஞ்சுகிறது; அது துளையை அடைத்துக்கொண்டால் கிண்ணியில் மட்டும் தீ பளிச்சிடும், குண்டு நகராது. அதனால் கெட்டிக்கும் முன் ஊசியால் துளையைக் குத்திவிடுவார்கள்.

எல்லாம் சரியாக நடந்தாலும் விசைக்கும் வெடிக்கும் நடுவே ஒரு நொடியின் சிறு பின்னம் கழிகிறது. அதற்குள் கண்ணெதிரே கிண்ணி பளிச்சிடும். கை தானாகத் துணுக்குறும். குழல் ஒரே ஒரு டிகிரி விலகினால் போதும், 20 மீட்டருக்கு அப்பால் குண்டு 35 செ.மீ. தள்ளிப் போகும். துப்பாக்கியைப் பிடித்தவரின் திறமை தெரிவது இந்த இடத்தில்தான்: பளிச்சென்ற பிறகும் கையை அசைக்காமல் வைத்திருப்பது.

இந்தத் துப்பாக்கியோடு புதருக்குள் ஓடுபவருக்கு வேறு ஆபத்தும் உண்டு. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் அது ஓர் பள்ளத்தில் மாட்டி நிற்கும், விசை இயங்காது. முழுதாக இழுத்தபடி ஓடினால் ஒரு தடுமாற்றமே குண்டை வீணாக்கிவிடும். கிளை பட்டு எஃகு மூடி திறந்துகொண்டால் கிண்ணி மருந்து முழுக்கக் கொட்டிப்போகும். அது தெரியாமலே அவர் குறிபார்ப்பார்.