22-ஆம் நாள் நின்றுபோகிறவர்களுக்கு

எழுத்துப் பயிலரங்கு முடிந்த நான்காவது வாரம் செய்திகள் வரத் தொடங்கிவிடும். "21 நாள் விடாமல் எழுதினேன். அடுத்த நாள் விட்டுப்போச்சு. எனக்கு இது ஒத்துவராது போல." இந்த மாதமும் அதே பல்லவி.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. அறுவைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். 'குறைந்தது' காணாமல் போனது. முகத்துக்குச் சொன்னது உடற்பயிற்சி, தியானம், எழுத்து என எல்லாவற்றின் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது போன்ற சின்ன வேலைகள்தான். அவை தன்னால் வர 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள், நடுமதிப்பு 66. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. பழத்துக்கே இந்தக் கணக்கு. உங்கள் 22-ஆம் நாள் என்ன பாவம் செய்தது?

அடுத்த தொல்லை, சொல் கணக்கு. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் எழுதியதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். முதல் அரைமணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே போனதையோ, 5.30-க்கு மேசையில் இருப்பதற்காகத் தன்னை எழுப்பும் வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததையோ யாரும் சொல்வதில்லை. அதோடு அவை ஆங்கிலச் சொற்கள். அங்கே மூன்று சொல்லாக வருவது நமக்கு 'வீட்டிலிருந்து' என்று ஒன்றாக முடிந்துவிடும். அந்த இலக்கை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, கை வரவில்லை என்று அழாதீர்கள்.

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். தோல் அட்டை டைரி வேண்டாம். அதில் சுமாரான வரி எழுதக் கை கூசும், பத்தாம் பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும். 'காலையில் எழுதுவேன்' என்பது நேரம் அல்ல. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் உட்காருங்கள். 15 நிமிடம், ஒரு பக்கம். போன் அடுத்த அறையில். தமிழ்த் தட்டச்சு இன்னும் பழகாதவர்கள் கையாலேயே எழுதுங்கள். 'ழ' எந்த விசை என்று தேடுவதற்குள் வாக்கியம் பறந்துவிடும்.

அடித்துத் திருத்துவது அந்த 15 நிமிடத்தில் கிடையாது. மணி அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்துங்கள். அடுத்து வர வேண்டியதை ஓரத்தில் இரண்டு சொல்லில் குறியுங்கள்: 'மாமியார் - சாவி'. மறுநாள் வெறும் தாளை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டு பக்கம் எழுதாதீர்கள். பலரும் விழுவது இங்கேதான்: இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றாகும், அப்புறம் நோட்டையே பார்க்கப் பிடிக்காது. காய்ச்சல் என்றால் படுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தேதியை மட்டும் போட்டு வையுங்கள். எழுந்த பிறகு அதன் கீழே தொடங்கலாம்.