‘அவள்’ ‘நான்’ ஆகும் வரை

“என் தோழி ஒருத்திக்கு நடந்தது” என்றுதான் அவர் ஆரம்பித்தார். நாற்பதை நெருங்கும் பெண். மூன்று அமர்வுகள் வரை அந்தத் தோழியின் கதைதான் ஓடியது. தோழிக்கு அப்போது பதினொரு வயது. செய்தவர், வீட்டில் எல்லோரும் மரியாதை வைத்திருந்த ஒருவர். தோழியின் பெயரை நான் கேட்கவில்லை. நான்காவது அமர்வில், பேச்சின் நடுவே இப்படிச் சொன்னார்: “கதவு சாத்தியிருந்தது. கத்த நினைத்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.”

‘நினைத்தாள்’ என்று தொடங்கியது ‘நின்றேன்’ என்று முடிந்திருந்தது. அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. நீண்ட நேரம் இருவரும் பேசவில்லை.

அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு ஆற்றுப்படுத்துநராக இருக்கும் என்னிடம், “மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும்தானே?” என்று பலர் கேட்கிறார்கள். இறங்கலாம். ஆனால் யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்திருக்க வேண்டும். அவருடைய விருப்பத்தைக் கேட்காமல் அவர் உடலின் மீது நடந்த செயல் அது. கதையையும் விருப்பம் கேட்காமல் பிடுங்கினால், பறித்தவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுகிறோம்.

ஒரு காலத்தில், பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைப்பது நல்லது என்று நம்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பிற்கால மனநலப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பு, தண்ணீர், மருத்துவ உதவி, நம்பிக்கையான ஒரு துணை, இவைதான் முதலில். பேச விரும்பினால் கேட்கலாம். விரும்பாவிட்டால் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதை நானும் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இளம்பெண்ணிடம், “அதற்கு முன்பு என்ன நடந்தது? அதற்குப் பிறகு?” என்று வரிசைப்படுத்திக் கேட்டுக்கொண்டே போனேன். அவருக்கு ஒரு சட்டைப் பொத்தானின் நிறமும் ஒரு வாசனையும் துல்லியமாக நினைவிருந்தன, வரிசை நினைவில்லை. அதிர்ச்சியின் நினைவு பெரும்பாலும் அப்படித் துண்டு துண்டாகத்தான் தங்கும். நான் கேட்ட விதம் அவருக்கு விசாரணையாகப் பட்டிருக்கிறது. அடுத்த வாரம் அவர் வரவில்லை, பிறகும் வரவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காலி நாற்காலி எனக்கு வலிக்கிறது.

முதன்முதலாக வாய் திறக்கும்போது காதில் விழும் பதில் மிக முக்கியம். பழிசொல்லும் பதிலும் நம்பாத பதிலும் பாதிப்பை ஆழப்படுத்துகின்றன என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. “ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?” என்ற கேள்வியை அக்கறையோடுதான் பலர் கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது அக்கறை, சொன்னவருக்கு அது குற்றச்சாட்டு. “நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இது உங்கள் தவறு அல்ல. இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?” இந்த மூன்றும் போதும். சொல்வது குழந்தையாக இருந்தால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புக்காக வேறு சிலரிடம் சொல்லவேண்டி வரும். துருவித் துருவிக் கேட்பதையும் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாக் கதைகளும் வாயால் சொல்லப்பட வேண்டும் என்பதும் இல்லை. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் வாழ்வின் வேதனையான அனுபவத்தை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. ஆனால், அடுத்து வந்த மாதங்களில், உணர்வும் நிகழ்வும் சேர்த்து எழுதியவர்கள் சுகாதார மையத்துக்குச் சென்றது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு இன்றிரவே தனியாக உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். காயம் பச்சையாக இருக்கும்போது துணை வேண்டும்.

இனி, தடுப்புப் பணி. ஒருமுறை பதின்வயது மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், “அவள் கத்தியிருக்கலாமே?” என்று கேட்டான். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை, உண்மையாகவே புரியவில்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டறிந்து 2017இல் வெளியான ஆய்வைச் சொன்னேன். அவர்களில் 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் உடல் பெருமளவு உறைந்துபோனதாகக் கூறியிருந்தார்கள். பையன் தலையசைத்தான், அவ்வளவுதான். பிறகு, தாமே முன்வந்து, தயாரிப்போடு வந்திருந்த ஓர் ஆண், சிறுவயதில் தன் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். பையனின் முகம் மாறியதைப் பார்த்தேன். “அப்போது யாராவது கதவைத் தட்டியிருந்தால்?” என்று அவரிடம் கேட்டான். தடுப்பு என்ற வேலை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. குற்றம் செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான் என்பதும், சந்தேகம் வந்தால் கதவைத் தட்டுவது அத்துமீறல் அல்ல என்பதும் இப்படித்தான் மனதில் பதிகின்றன.

ஆனாலும், “உங்களிடம் வருபவர் யாரையாவது மேடையில் பேசச் சொல்ல முடியுமா?” என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் கேட்கும்போது மறுத்துவிடுகிறேன். என்னிடம் வருபவர் என் வேண்டுகோளைத் தட்ட முடியாத இடத்தில் இருக்கிறார். அங்கே ‘சரி’ என்று வரும் பதிலை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தாமே முன்வருபவர்களிடமும், கடைசி நிமிடத்தில்கூட வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும், இணையத்தில் ஏறிய காணொளி எளிதில் இறங்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

பெயரோடு சொல்வதற்கும் பெயரின்றிச் சொல்வதற்கும் உலகில் இடம் இருந்திருக்கிறது. 2024இல் பிரான்சில், வன்புணர்வுக்கு உள்ளான ஜிசெல் பெலிகாட் என்ற பெண் தன் வழக்கை மூடிய கதவுக்குள் நடத்தும் உரிமையை வேண்டாம் என்றார். கணவர் உள்பட 51 ஆண்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 1990இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சட்டைகளில் எழுதியும் வரைந்தும் கொடியில் காயப்போட்டார்கள். முதல் முறை தொங்கியவை 31 சட்டைகள். அந்தத் துணிகளுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் விருப்பம்.

‘நின்றேன்’ என்று சொன்னவர், பிறகு எழுதவும் தொடங்கினார். வீட்டில் வைக்க மனமில்லை என்று அந்த நோட்டை என் அலமாரியில் பூட்டிவைக்கச் சொன்னார். ஏழு மாதங்கள் அது அங்கேயே இருந்தது. கடைசி அமர்வில் அதைக் கேட்டு வாங்கி, பையில் வைத்துக்கொண்டார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.